முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்

— ஆட்டாதீங்க அண்ணே.

— நான் எங்க டீச்சர் ஆட்டினேன்? விரல் பட்டுச்சு.

— விரல் பட்டதுக்கா சாவிக்கொத்து இந்த ஆட்டம் ஆடுது? கையை எடுத்து மடியில வைங்க. ரெண்டு கையும்.

— வெச்சாச்சு டீச்சர்.

— வாயையும்.

— வாயை எப்படி டீச்சர் மடியில வைக்கிறது?

— மூடி வைங்க போதும்.

— துணிக்கடைக்காரன் வாயை மூடினா கடையையே மூடின மாதிரி டீச்சர். வந்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னா, நாமதான் விரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கணும். இது பாருங்க, இதுல நீலம் இருக்கு, துவைச்சா சாயம் போகாது, வெயில்ல போட்டா வெளுக்காது. கொஞ்சம் மூச்சு வாங்கினோம்னு வைங்க, அவங்க கண்ணு வாசலுக்குப் போயிடும்.

— உங்க மக எங்கயும் போக மாட்டா. நீங்க செஞ்சு கொடுத்த பலகை மேலதான் நிம்மதியா படுத்திருக்கா.

— பலகை எப்படி டீச்சர்? கடையில துணி விரிக்கிற பலகை அது. இழைச்சு, ஓரத்தை மழுக்கி, நீங்க சொன்ன மாதிரி அடியில சட்டம் அடிச்சு, தரையில ஒட்டாம தூக்கி வெச்சிருக்கேன். எத்தனை பேர் தடவிப் பார்த்த பலகை! அதுல இப்ப மொதலாளி படுத்திருக்காங்க.

— அருமையான பலகை. அவ குதிகால் லேசா பட்டாலும் சத்தம் வருது. அவ செய்யறது அவ காதுக்கும் முதுகுக்கும் போய்ச் சேரணும், அதுக்குத்தான் கேட்டேன். காலடியில உங்க பழைய சாவிக்கொத்தைத் தொங்க விட்டதும் அதுக்குத்தான். நீங்க ஆட்டினா அது உங்க சத்தம். அவ உதைச்சா அது அவ சத்தம்.

— நான் சும்மா சாம்பிள் காட்டினேன்.

— ஒரு தடவை காட்டினா சாம்பிள். விடாம காட்டினா தொந்தரவு. ஒரு தடவை ஆட்டுங்க. நிறுத்துங்க. அப்புறம் காத்திருங்க.

— எதுக்கு டீச்சர் காத்திருக்கறது?

— அவ பதிலுக்கு.

— பதிலா? பெரிய டாக்டர் வரிசையா சொல்லிட்டாரே டீச்சர். கழுத்து நிக்காது, கை கால் சொன்ன பேச்சு கேட்காது, பேச்சு வராது, கண்ணுல குறை இல்ல ஆனா கண்ணு பார்த்ததை மூளை சரியா வாங்கிக்காது.

— இல்லாததெல்லாம் சொன்னார். இருக்கறது என்னன்னு சொன்னாரா?

— இல்ல.

— 'அது இல்ல, இது இல்ல'ன்னு சொல்லிக்கிட்டு நீங்க கடை நடத்துவீங்களா?

— கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

— அதனால நாம இருக்கறதைப் பார்ப்போம். முதல்ல கொஞ்சம் இந்தப் பக்கம், சுவர் பக்கமா வந்து உக்காருங்களேன்.

— அது மட்டும் கேட்காதீங்க டீச்சர். வியாபாரி எப்பவும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவான். அப்பத்தான் வாங்க வந்தவங்க மூஞ்சி நமக்குப் பளிச்சுனு தெரியும், நம்ம மூஞ்சி அவங்களுக்குப் பிடிபடாது. எங்க போனாலும் ஜன்னல் பக்கம் இடம் பிடிச்சே பழகிட்டேன். அதோட, பாருங்க. பாருங்க டீச்சர் அவளை. கண் கொட்டாம என்னையே பார்க்குறா. வீட்டுலயும் இப்படித்தான். மொதலாளிக்கு இந்தக் கணக்குப்பிள்ளை மேல அப்படி ஒரு பிரியம்.

— ம். சரி. அங்கயே உக்காருங்க.

— ஏன் டீச்சர் அப்படி இழுக்குறீங்க?

— ஒண்ணும் இல்ல. ஏன் அண்ணே அவளை மொதலாளின்னு கூப்பிடுறீங்க?

— பின்ன? படுத்த இடத்துல எல்லாம் வருது. ஒருத்தர் ஊட்டணும், ஒருத்தர் தூக்கணும், ஒருத்தர் விசிறணும். வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை கிடையாது. நானும் எத்தனையோ மொதலாளிங்களைப் பார்த்திருக்கேன், இவ்வளவு லட்சணமான மொதலாளியைப் பார்த்ததே இல்ல.

— சரி, சிரிச்சது போதும். இன்னிக்கு ஏன் இப்படிப் பரபரக்குறீங்க? வந்ததுல இருந்து போனை எடுத்து எடுத்துப் பார்க்குறீங்க.

— ஹோம்ல இருந்து பேசுவாங்க டீச்சர்.

— எந்த ஹோம்?

— இந்த மாதிரிப் பிள்ளைங்களை அங்கயே தங்க வெச்சுப் பார்த்துக்குவாங்களே, அது. நல்ல இடம்தான். குறை சொல்ல முடியாது. போய்ப் பார்த்துட்டு வந்தோம். ஒரு கட்டில் காலியாகுதாம். வேணுமா வேண்டாமான்னு இன்னிக்குச் சொல்லிடணும்.

— நீங்க என்ன சொல்லப்போறீங்க?

— என்கிட்ட எங்க முடிவு இருக்கு? அவங்க அம்மாதான் சொல்லப்போறா. வேணும்னு.

— அவங்களால முடியலையா?

— முடியாம என்ன. கடைக்குப் பின்னாடி உக்காந்து திரைச்சீலையா தைச்சுத் தள்ளுறா. நடுநடுவுல எழுந்து வந்து இவளைத் திருப்பிப் படுக்க வைக்கிறா, ஊட்டுறா, குளிப்பாட்டுறா. அலுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. முடியலைன்னு சொன்னாலாவது ஆள் போட்டுக்கலாம். இது வேற டீச்சர். மொதலாளிக்குத் தன்னைப் பிடிக்கலைன்னு நினைக்குறா.

— யாரு, அம்மாவையா?

— ஆமா. அம்மா கிட்ட வந்தாலே மூஞ்சியைத் திருப்பிக்குறா டீச்சர். அவ குரல் கேட்டாப் போதும், சொடக்குப் போட்ட மாதிரி அந்தப் பக்கம். நான் கூப்பிட்டா மட்டும் நேரா பார்ப்பா. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான், ஆனா அதை வீட்டுல காட்டிக்க முடியுமா? 'என் மேல இருக்கற வெறுப்புல பிள்ளை காயுது, அங்க போனாலாவது யாரையாவது ஏறிட்டுப் பார்க்கும்'ங்கிறா. எதை வேணாலும் பேசி வித்துடுவேன் டீச்சர். இதுல எனக்குப் பேச்சே வரல.

— இப்ப அவங்க எங்க?

— வெளிய, உங்க பள்ளிக்கூட வராந்தா பெஞ்சுல. உள்ள வான்னா வர மாட்டேங்குறா. 'நான் வந்தா அவ திரும்பிக்குவா, உங்க வேலை கெடும்'ங்கிறா.

— சரி. இருக்கட்டும். நாம ஆரம்பிச்சதை முடிப்போம். ஒரே ஒரு தடவை ஆட்டுங்க.

— இந்தாங்க. ஜலக்.

— வாயால வேண்டாம். சாவி சொன்னது போதும். இப்ப கை மடியில.

— எவ்வளவு நேரம் டீச்சர்?

— பேசாம.

— டீச்சர்.

— ம்.

— காது அடைக்குது டீச்சர், இந்த அமைதியில.

— உங்க காதுதானே, அடைக்கட்டும்.

— போச்சு. பார்த்தீங்களா? மூஞ்சியைத் திருப்பிட்டா. சுவரைப் பார்க்குறா. அவ்வளவுதான், பிடிக்கல. நான் வேற ஏதாவது எடுத்துக் காட்டட்டுமா? அந்த மணி, இல்லன்னா அந்தத் தூரிகை...

— அசையாதீங்க. அவ காலைப் பாருங்க.

— காலுல என்ன இருக்கு? பெருவிரல் ஒரு மாதிரி... டீச்சர்.

— உஷ்.

— தொம்முன்னுது டீச்சர்! சாவி ஆடுது! நான் தொடல! என் கை மடியில இருக்கு, பாருங்க, ரெண்டும் மடியிலதான் இருக்கு!

— கத்தாதீங்க, தூக்கிப் போடும் அவளுக்கு. ஆமா, அவதான் உதைச்சா. தன் சத்தத்தைத் தானே கேட்டுக்கிட்டிருக்கா. விடுங்க, கேட்கட்டும்.

— தற்செயலா இருக்குமோ?

— இருக்கலாம். இன்னொரு தடவை ஆட்டிட்டுப் பாருங்களேன்.

— இந்தாங்க. நான் வாயைத் திறக்கல.

— நல்லது.

— ...

— ...

— திரும்பவும் மூஞ்சியை அந்தப் பக்கம்...

— உஷ்.

— உதைச்சுட்டா. டீச்சர், இது வலுவான உதை. யம்மா! கடையை யாரோ திறந்து விட்ட மாதிரி சத்தம்.

— அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா?

— என்ன?

— முதல்ல முகம் போகுது. அப்புறம்தான் கால் வருது.

— ஆமா. கோவமா? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஒரு உதை. வீட்டுக்கு வீடு நடக்கறதுதானே.

— கோவம் இல்ல. இவளோடது ஒரே ஆள் நடத்துற கடைன்னு வெச்சுக்கங்க. பார்க்கறது, கேட்கறது, காலைத் தூக்கறது எல்லாத்தையும் ஒரே நேரத்துல இவளால செய்ய முடியாது. கண்ணு வழியா வர்ற கூட்டம் அதிகம். அதனால கண்ணை அந்தப் பக்கம் திருப்பி அந்தக் கதவைச் சாத்திடறா. அப்புறம்தான் நிம்மதியா காதைத் தீட்டி, காலை அனுப்ப முடியும்.

— அப்ப திரும்பறது வேண்டாம்னு சொல்றது இல்லையா?

— நீங்க சொல்லுங்க. கடைக்கு வர்றவங்க, ஒரு துணி மேல உயிரையே வெச்சுட்டாங்கன்னா அதை எப்படிப் பார்ப்பாங்க?

— பார்க்கவே மாட்டாங்க டீச்சர்! அதுதானே விஷயம். பிடிக்காத துணியைத்தான் எடுத்து எடுத்துப் பார்ப்பாங்க, பிரிப்பாங்க, வெளிச்சத்துல காட்டச் சொல்லுவாங்க. பிடிச்சது ஓரமா கிடக்கும். அது பக்கமே திரும்ப மாட்டாங்க. எங்கயோ பார்த்துக்கிட்டு, போகிற போக்குல 'அது என்ன, சும்மா கேட்கறேன்'ம்பாங்க. கை மட்டும் அதும்மேல இருக்கும். அந்தக் கையைப் பார்த்தவன்தான் வியாபாரி. மூஞ்சியைப் பார்த்து ஏமாந்தவன் கடையைக் கட்டிட்டு... டீச்சர்.

— சொல்லுங்க.

— அவங்க அம்மாகிட்ட எப்பவும் மூஞ்சியைத் திருப்பிக்குவா.

— ம்.

— எப்பவும் டீச்சர். நான் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன். நான், வியாபாரி, மூஞ்சியை மட்டும் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— அவசரப்படாதீங்க. எனக்கு இன்னும் தெரியாது. அவங்களைக் கூப்பிடுங்க. ஆனா நீங்க எதையும் சொல்லி வித்துடாதீங்க.

— ஏம்மா! இங்க வா. டீச்சர் கூப்பிடுறாங்க. இல்ல, ஒண்ணும் ஆகல. செருப்பை அங்கயே விட்டுட்டு வா.

— மேடம், நான் இங்க வாசல்கிட்டயே நிக்கறேன். கிட்ட வந்தா அவளுக்குப் பிடிக்காது.

— உள்ள வாங்க அக்கா. பலகைக்குப் பக்கத்துல உக்காருங்க.

— இவரு என்ன சொன்னாரு உங்ககிட்ட? இவரு பேச்சை அப்படியே வாங்கிக்காதீங்க மேடம். கிழிஞ்ச திரைச்சீலையைக்கூட காத்தோட்டமா இருக்கும்னு வித்தவரு.

— அது ஒரே ஒரு தடவை.

— எனக்கு ஆறுதல் வேண்டாம் மேடம். நான் அழுது முடிச்சாச்சு. ஹோமை என் கண்ணால பார்த்தேன். கட்டில் விரிப்பு சுருக்கம் இல்லாம இருந்துச்சு, பிள்ளைங்க உதடு காயாம இருந்துச்சு. அங்க ஒரு ஆயாம்மா இவளை வாங்கி மடியில படுக்க வெச்சாங்க. முன்ன பின்ன பார்த்தது கிடையாது. என் பட்டு அவங்க முகத்தை அப்படியே நிமிர்ந்து பார்த்துச்சு. என்னை ஒரு நாள் அப்படிப் பார்த்தது இல்ல. அதுக்கு மேல எனக்கு வேற என்ன அத்தாட்சி வேணும்?

— எப்படித் திரும்பிக்குவான்னு ஒரு தடவை எனக்குக் காட்டுங்க. வீட்டுல கூப்பிடற மாதிரியே கூப்பிடுங்க.

— எதுக்கு மேடம் அதை வேற பார்க்கணும்?

— எனக்காக.

— பட்டு. பட்டும்மா. அம்மா வந்திருக்கேன்... பார்த்துக்கங்க. சுவர் பக்கம் போயிடுச்சு. சரி, நான் அந்தப் பக்கம் வரேன். நகருங்க கொஞ்சம். பட்டு, இந்தா இங்க இருக்கேன்... இதோ, திரும்பவும் அந்தப் பக்கம். நாள் பூரா இப்படித்தான் மேடம். அவ முகம் எங்க போகுதோ நான் அங்க போவேன். நான் போன உடனே அது வேற பக்கம் போயிடும். படுக்கையைச் சுத்திச் சுத்தி எனக்குத் தலை சுத்துது.

— நீங்க சுத்தறதை நிறுத்தினது உண்டா?

— எப்படி நிறுத்தறது? பெத்தவ இல்லையா? முகத்தைப் பார்க்காம முதுகுப் பக்கம் உக்காந்திருந்தா அனாதை மாதிரி இருக்காதா அவளுக்கு?

— இன்னிக்கு ஒரு நாள் உக்காருங்க. அவ முகம் போனா போகட்டும். நீங்க போகாதீங்க.

— அப்புறம் என்ன செய்யணும்?

— ஒண்ணும் செய்ய வேண்டாம். பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்க. அப்புறம் பேசாம இருங்க.

— பேசாம எப்படி மேடம்?

— ஊசியில நூல் கோக்கும்போது பேசுவீங்களா?

— மூச்சே விட மாட்டேன்.

— அது போதும். உங்க சடைப் பின்னல் நுனியைப் பலகை மேல, அவ கைக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க. தொட வேண்டாம். கிட்ட கொண்டுபோகவும் வேண்டாம்.

— இவரு?

— அண்ணே வாயைத் திறக்க மாட்டார்.

— அது நடக்குமா மேடம்?

— நடக்கும்மா. இன்னிக்கு மட்டும் நடக்கும்.

— பட்டு.

— ம். இப்ப நூல் கோங்க.

— திரும்பிட்டா மேடம்.

— திரும்பட்டும். நீங்க இருங்க.

— எழுந்து அந்தப் பக்கம் போகணும்னு கால் பறக்குது எனக்கு.

— தெரியுது. இருங்க.

— ...

— ...

— மேடம், ஏதோ கர்ருங்குது. எலியா?

— நகம். பலகையில நகம் போகுது.

— யாரோட... அவ கையா? அவ கை அப்படிப் போகாதே. யாராவது நீட்டி விட்டாத்தானே போகும்.

— பேசாதீங்க அக்கா.

— நின்னுடுச்சு மேடம். நான் பேசிட்டேன். நான்தான் கெடுத்துட்டேன்.

— கெடல. ஓய்வு எடுக்குறா. அவளுக்கு அது பெரிய தூரம். இருங்க.

— மொதலாளி, இன்னும் கொஞ்சம்தான், அப்படியே கீழ...

— அண்ணே!

— மன்னிச்சுக்கங்க டீச்சர். வாயைக் கையால பொத்திக்கிட்டேன்.

— ...

— ...

— மேடம், என் பின்னலைப் பிடிச்சிருக்கு.

— ஆமா.

— அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டே பிடிச்சிருக்கு. முகம் சுவர்ல இருக்கு, கை இங்க இருக்கு. எப்படி மேடம்?

— அங்க பார்த்தாத்தான் அக்கா இங்க வர முடியும். கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யாது அவளுக்கு. உங்களைக் கேட்கணும், உங்களைத் தொடணும்னா முதல்ல கண்ணை ஓரங்கட்டணும். அவ ஒவ்வொரு தடவையும் அதைத்தான் ஆரம்பிச்சிருக்கா. அவ கை கிளம்பறதுக்குள்ள நீங்க அந்தப் பக்கம் போயிடுவீங்க. அவ மறுபடி முதல்ல இருந்து திரும்பணும்.

— நான் சுத்தினதா? என்னைத் தேடி அவ கை வரும்போதெல்லாம் நான் அங்க இல்லையா?

— அன்புலதான் சுத்தினீங்க.

— இல்ல மேடம். இது தற்செயல். கை எப்படியோ பட்டிருக்கும். எனக்கு ஆசை காட்டாதீங்க.

— நல்ல கேள்வி. அண்ணனும் இதையேதான் கேட்டார். மெதுவா விடுவிச்சுக்கங்க. பின்னலை இன்னும் கொஞ்சம் மேல தள்ளிப் போடுங்க. மறுபடி நூல் கோங்க.

— பிடி இறுக்கமா இருக்கு. விடு பட்டு, அம்மா எங்கயும் போகல... போட்டுட்டேன் மேடம்.

— கூப்பிடுங்க.

— பட்டு.

— ...

— திரும்புறா.

— ம்.

— ...

— ...

— கர்ருங்குது.

— ம்.

— மேல வருது மேடம். பின்னல் இருந்த பழைய இடத்துல தடவிப் பார்த்துட்டு, மேல வருது. பட்டு, அம்மா இங்கதான்... இல்ல, நான் பேசல. நான் பேசலம்மா. நீ வா. பிடிச்சுட்டா. பிடிச்சுட்டா மேடம். இழுக்குறா. வலிக்குது.

— வலிக்கட்டும் விடு. டீச்சர், இப்ப நான் பேசலாமா?

— பேசுங்க அண்ணே. பாவம் நீங்க.

— எனக்குப் பேச்சு வரல டீச்சர்.

— மேடம், ஒண்ணு கேட்கட்டுமா. இவ நடப்பாளா? பேசுவாளா?

— அதை நான் சொல்லல அக்கா. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். உங்களை வேணும்னு கேட்கத் தெரியும் இவளுக்கு. அது இன்னிக்கு எனக்குத் தெரியும். நாளைக்கு எதைக் கேட்பான்னு நாளைக்குப் பார்ப்போம்.

— என் பட்டு.

— அண்ணே, உங்க பையில போன் அதிருது.

— ஹோம்காரங்கதான். ஏம்மா, நீ பேசறேன்னு சொன்னியே.

— நீங்களே பேசுங்க. எனக்குத் தலையைத் திருப்ப முடியாது.

— என்னன்னு சொல்லட்டும்?

— அந்தக் கட்டிலை வேற பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்க. நல்ல விரிப்பு போட்டிருந்தாங்க. யாருக்காவது ஆகட்டும்.

— ஹலோ. வணக்கங்க. ஆமாங்க, அப்பாதான் பேசறேன். இல்லைங்க, வேண்டாங்க. கட்டிலை வேற யாருக்காவது கொடுத்துடுங்க. இல்லைங்க, உங்க இடத்துல ஒரு குறையும் கிடையாது. அவங்க அம்மாவா? இங்கதான் இருக்காங்க, ஆனா பேச முடியாதுங்க. ஒருத்தங்க பின்னலைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விட மாட்டேங்குறாங்க. யாருன்னா, எங்க மொதலாளிங்க. வெச்சுடறேங்க.

— அப்ப மேடம், அந்த ஆயாம்மா? முன்ன பின்ன தெரியாதவங்களை நேரா நிமிர்ந்து பார்த்துச்சே? அது எதுக்கு?

— அவங்க மடியில படுத்திருந்தாளே, அவங்க தலைக்கு மேல என்ன இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?

— மேலயா? கூரைதான். நீளமா ஒரு குழல் விளக்கு எரிஞ்சுது. அதோட வெளிச்சம் ஆயாம்மா தலையைச் சுத்தி... ஓ.

— இந்த மாதிரிக் கண்ணு வெளிச்சத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கும் அக்கா. அதுக்குப் பெரிய வேலை கிடையாது. அவ சும்மா இருக்கும்போது கண்ணு அங்க போய் நிக்கும். விளக்குக்கும் அவளுக்கும் நடுவுல யார் முகம் இருந்தாலும், அவங்களையே பார்க்கற மாதிரிதான் தெரியும்.

— விளக்கைப் பார்த்துட்டு நான் ஆயாம்மா மேல பொறாமைப்பட்டிருக்கேன்.

— டீச்சர்.

— சொல்லுங்க அண்ணே.

— வெளிச்சம் எங்க இருக்கோ அங்க பார்ப்பா.

— ஆமா அண்ணே.

— நான் எப்பவும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவேன்.

— ஆமா அண்ணே.

— வீட்டுலயும்.

— நீங்க சொன்னீங்க.

— உங்களுக்கு முதல்லயே தெரியுமா டீச்சர்?

— தெரியும். அதான் சுவர் பக்கம் வந்து உக்காரச் சொன்னேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, அதுக்கு மேல சொல்ல மனசு வரல.

— கண் கொட்டாம பார்க்குறான்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். கடைசியில ஜன்னலைப் பார்த்திருக்கா. சாவிக்கொத்துக்குக்கூட மூஞ்சியைத் திருப்பினா டீச்சர். ரெண்டு தடவை திருப்பினா. அந்தத் துருப்பிடிச்ச கொத்துக்குக் கிடைச்ச மரியாதை எனக்கு ஒரு நாள் கிடைக்கலையே.

— இங்க பாருங்க, புலம்பாதீங்க. அந்த ஜன்னல் திரைச்சீலையை முழுசா இழுத்து மூடிட்டு, இப்படி என் பக்கத்துல வந்து உக்காந்து அவளை ஒரு தடவை கூப்பிடுங்க. உங்ககிட்ட இருந்தும் முகத்தைத் திருப்பிக்குறாளான்னு பார்ப்போம்.